தண்ணீர் சுமந்தவர் யார்?



இவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 19-ஆம் நாள், புனித சூசையப்பர் பெருவிழாத் திருப்பலியில் நாம் ஒரு மறையுரை ஆற்றினோம். நாசரேத்துத் தச்சரின் உழைப்பைப் பற்றிக் கூறவந்த நாம், கல்மண்டபத்தில் வாழும் நம் பங்குப் பெரியவர் ஒருவரை எடுத்துக்காட்டாகச் சொன்னோம். துறைமுகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பாரந்தூக்கி இயக்கியவர். ஓய்வு பெற்றபின் வாளாவிராமல், தம் வீட்டு மொட்டை மாடியில் முப்பது பைகளில் கீரையும் காயும் விளைவிக்கிறார்; தாம் உண்டது போக அண்டை வீட்டாருக்கும் ஈகிறார்; சூசையப்பரின் உண்மையான மகன் இவரே என்று புகழ்ந்துரைத்தோம். மக்கள் திரும்பி அவரைப் பார்த்தனர். பெரியவர் கூச்சத்தோடு தலைகுனிந்தார். நல்லதொரு மறையுரை ஆற்றினோம் என்னும் நிறைவு நமக்கு.

திருப்பலி முடிந்து நாம் திருவுடை களையும் அறை வாயிலில் அவருடைய மனைவியார் வந்து நின்றார். முக்காட்டைச் சரிசெய்தவாறு, "சாமி, பிரசங்கம் நல்லா இருந்திச்சு. ஒரு நாள் வீட்டுப் பக்கம் வந்து தோட்டத்தைப் பாருங்க. ஆனா காலையில நாலரைக்கு வரணும்" என்றார்.

"தோட்டம் பார்க்க நாலரை மணிக்கு ஏனம்மா? இருட்டில் என்ன தெரியும்?" என்று கேட்டோம்.

"தோட்டம் ஒன்பது மணிக்கும் அங்கேதான் இருக்கும் சாமி. தண்ணி நாலரைக்குத்தான் வரும்" என்றார் அவர். குறை கூறும் குரல் அன்று அது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆயினும் அச்சொல் நம் உள்ளத்தில் தைத்தது. தவக்காலத்தின் ஒரு சனிக்கிழமையன்று, காலைத் திருப்பலியைத் துணைப் பங்குத்தந்தையிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு முழு நாளை அவ்வில்லத்தில் கழித்தோம். அந்நாள் நமக்குக் கற்றுத் தந்ததையே இங்கே எழுதுகிறோம்.

கல்மண்டபத்தை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். வடசென்னையில், இராயபுரத்தின் ஒரு பகுதி இது. இராயப்பர் எனும் புனித பேதுருவின் பெயரால் ஊர் பெயர் பெற்றது என்பர். 1856-ஆம் ஆண்டு சூலை முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் வாலாசா சாலைக்குப் புறப்பட்ட நிலையம் இங்கேதான் இன்றும் நிற்கிறது. ஒரு புறம் துறைமுகம். ஒரு புறம் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம். வடக்கே திருவொற்றியூர், எண்ணூர், மணலித் தொழிற்சாலைகள். கப்பலும் மீனும் இரும்பும் எண்ணெயும் இம்மக்களுக்குச் சோறு போட்டன. உப்புக் காற்றையும் தூசியையும் கூடவே தந்தன. நிலக்கரித் தூசு வீட்டுத் துணிமணியில் படிந்த காலம் இங்குள்ளோர்க்கு நன்கு நினைவிருக்கும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம், நிலக்கரி, இரும்புத் தாது போன்ற தூசுச் சரக்குகளைச் சென்னைத் துறைமுகத்தில் கையாளலாகாது என்று ஆணையிட்ட பின்னரே அத்தொல்லை தணிந்தது. வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிய சந்துகளில் தோட்டம் போட ஒரு முழம் மண் கிடையாது. வானம் பார்த்த மொட்டை மாடி ஒன்றே இவர்களுடைய நிலம்.

நாலரை மணிக்குச் சந்து முனையை அடைந்தோம். தெரு விளக்கின் கீழ் அடிபம்பைச் சுற்றி நெகிழிக் குடங்கள் வரிசையாய் நின்றன. பச்சை, நீலம், ஆரஞ்சு. குடங்களுக்குப் பின்னே பெண்கள். ஆண் ஒருவர் கூட இல்லை. நம்மைக் கண்டதும் பேச்சு அடங்கிற்று. "சாமி இந்நேரத்துல? யாருக்காவது அவஸ்தைபூசுதலா?" என்று ஒரு மூதாட்டி பதறிக் கேட்டார். இல்லை, தண்ணீர் பார்க்க வந்தோம் என்றோம். அவர்களுக்கு அது விளங்கவில்லை.

அம்மையார் பம்பை அடித்தார். ஒரு குடம் நிரம்ப முப்பது, நாற்பது அடி அடிக்க வேண்டும். முதல் இரண்டு குடம் குடிப்பதற்கு. அடுத்த மூன்று சமையலுக்கு. பின் நான்கு பாத்திரம் துலக்கவும் குளிக்கவும். இறுதி மூன்று மாடிக்கு. பன்னிரண்டு குடம். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு மீண்டும் வருவார். நாம் ஒரு குடத்தைத் தூக்க முற்பட்டோம். "வேணாம் சாமி, பாக்கறவங்க என்னை ஏசுவாங்க" என்று பிடுங்கிக்கொண்டார். நாமும் விட்டுக்கொடுத்தோம். அதை இப்போது நாணத்தோடு நினைவுகூர்கிறோம்.

வீட்டில் நீரேற்றும் மின்பொறி இல்லையா, மாடியில் தொட்டி இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். நாமும் கேட்டோம். இரண்டும் உண்டு. ஆனால் அத்தொட்டியில் ஏறுவது ஆழ்துளைக் கிணற்று நீர். கடல் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் அந்நீர் உவர்ப்பு. கழிப்பறைக்கும் தரை கழுவவும் ஆகும், செடிக்கு ஆகாது. நிலத்தில் ஊற்றினால் உப்பு ஆழ்ந்து இறங்கிவிடும். பையிலோ அது வெளியேற வழியின்றி நாளுக்கு நாள் கூடி, இலை ஓரம் கருகி, செடி மடியும். ஆகவே கீரைக்கும் நல்ல தண்ணீரே வேண்டும். நல்ல தண்ணீர் கீழே சந்தில் வருகிறது. தோட்டமோ முப்பத்து நான்கு படிகளுக்கு மேலே இருக்கிறது.

ஐந்தரை மணியளவில் அம்மையார் மாடிக்கான முதற்குடத்தை இடுப்பில் ஏற்றினார். நாம் வெறுங்கையோடு பின்னே ஏறினோம். இருபதாம் படியில் நமக்கு மூச்சு வாங்கிற்று. அவர் அங்கே குடத்தைச் சுவரில் சாய்த்து, வலது முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு சற்றே நின்றார். சுவரில் அந்த இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்து, குடத்தின் வளைவளவிற்கு ஒரு கறை படிந்திருந்தது. ஒரு நாளில் படிந்த கறை அன்று அது.

மேலே சென்றதும் கிழக்கே கடல் வெளுக்கத் தொடங்கிற்று. உண்மையைக் கூறவேண்டும்: தோட்டம் அழகாகவே இருந்தது. கடற்காற்று வரும் பக்கம் பச்சை நிழல்வலை கட்டி, அதன் மறைவில் பைகளைச் சுவரோரமாகச் செங்கற்கள் மேல் அடுக்கியிருந்தனர். முளைக்கீரை, சிறுகீரை, புதினா, வெண்டை, கத்தரி, மிளகாய், கொடிப்பசலை. மூலையில் பழைய எண்ணெய்ப் பீப்பாயில் ஒரு முருங்கை. படிக்கட்டு அருகே துளசியும் சாமந்தியும், அவற்றின் நடுவே ஒரு சிறு லூர்து அன்னை சுரூபமும்.

ஆறரை மணிக்குப் பெரியவர் தேநீர்க் குவளையோடு மேலே வந்தார். நம்மைக் கண்டு மகிழ்ந்து, ஒவ்வொரு பையாக விளக்கினார். செடியை உற்று நோக்கிப் பழகியவரின் அறிவு அது. வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் சிலவற்றைக் குறிக்கிறோம். வெறும் மண்ணை நிரப்பினால் பை பாரமாகும், தளம் தாங்காது. மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு என்று கலந்தால் பாரம் குறையும், ஈரமும் நிற்கும். நார்க்கழிவை முதலில் இருமுறை நல்ல நீரில் அலசி உப்பைப் போக்கவேண்டும். பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவர் தாங்கும் ஓரங்களில் வைக்கவேண்டும். செங்கல் மேல் வைத்தால் அடியில் நீர் தேங்கித் தளம் ஊறாது. முளைக்கீரை விதைத்த மூன்று வாரத்திற்குப்பின் பறிக்கலாம். வாரம் ஒரு பையில் விதைத்து வந்தால் கீரை ஓயாது. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு நீரில் கலந்து, வெயில் தணிந்தபின் தெளிக்கவேண்டும். காசிமேட்டிலிருந்து வரும் மீனின் குடலையும் செதிலையும் எறியாமல், சம எடை வெல்லத்தோடு மூடிய பானையில் மூன்று வாரம் ஊறவைத்து, மிகுந்த நீரில் சிறிதளவே கலந்து ஊற்றினால் செடி செழிக்கும்.

"இதெல்லாம் எங்கே கற்றீர்கள்?" என்றோம்.

"2020-ல ஊரடங்கு வந்துச்சில்ல சாமி, அப்போதான்" என்றார். விதை வாங்கக் கடை இல்லை. அடுக்களையிலிருந்த தனியாவைத் தேய்த்து இரண்டாகப் பிளந்து விதைத்தார், வெந்தயம் விதைத்தார், அழுகிய தக்காளியைப் பிழிந்து புதைத்தார். பின்னர் அறிந்தவர் ஒருவர் வழியாகத் தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டப் பொருட்கள் கிடைத்தன. நம் மாநிலத் தோட்டக்கலைத் துறை 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய திட்டம் அது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் பாதிப் பைகளைக் கவிழ்த்துப் போட்டது. மீண்டும் நட்டார். இவ்வாறு அவர் பெருமிதத்தோடு சொல்லிக்கொண்டிருக்கையில், அம்மையார் மூன்றாவது குடத்தோடு படியேறி வந்து, நாம் பேசுவதற்கு இடையூறு இல்லாமல், ஓரமாகக் கவிழ்த்துவிட்டு இறங்கிப் போனார். பெரியவர் பூவாளியில் மொண்டு அந்நீரைச் செடிகளுக்கு வார்த்தார். அவர் வார்ப்பதையே நாம் முன்பு பார்த்திருந்தோம். அதையே பீடத்திலிருந்து புகழ்ந்தோம்.

திரு அவை தோட்டக்காரரை என்றும் மதித்து வந்துள்ளது. ஆண்டவர் முதல் மனிதனை வைத்தது ஒரு தோட்டத்தில். அதைப் பண்படுத்திக் காப்பதே அவனுக்கு இட்ட பணி. உயிர்த்த ஆண்டவரை மகதலா மரியா தோட்டக்காரர் என்றே முதலில் எண்ணினார். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியர்க்கு வகுத்த ஒழுங்கில், மடத்தின் மதிலுக்குள்ளேயே தண்ணீரும் தோட்டமும் இருக்கவேண்டும் என்று விதித்தார். இராயபுரத்தில் முதல் இரயில் புறப்பட்ட அதே 1856-இல்தான், இன்றைய செக் நாட்டிலுள்ள புருனோ நகரத் துறவு மடத் தோட்டத்தில் கிரிகோர் மெண்டல் எனும் குரு பட்டாணிச் செடிகளில் ஆய்வு தொடங்கி, மரபியலுக்கு வித்திட்டார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிசு தம் சுற்றுமடலில் இவ்வுலகையே நமது பொது இல்லம் என்று அழைத்தார். இவையெல்லாம் நாம் பலமுறை மறையுரைகளில் கூறியவையே. ஆனால் அந்த மடங்களின் தோட்டத்திற்குத் தண்ணீர் இறைத்தவர் யார் என்று ஒருநாளும் நாம் கேட்டதில்லை.

அன்றைய பொழுது எவ்வாறு கழிந்தது என்பதையும் சொல்லவேண்டும். மகன் மணலியில் ஒரு தொழிற்சாலையில் முறைப்பணி செய்பவர். மருமகள் ஓர் ஏற்றுமதித் தையற்கூடத்தில் வேலை பார்ப்பவர், சனிக்கிழமையும் பணிக்குச் செல்லவேண்டும். ஏழு மணிக்குள் இருவருக்கும் உணவுக் கூடை ஆயத்தமாக வேண்டும். "அத்தே, நான் அரிஞ்சு வெச்சிட்டேன், நீங்க தாளிச்சிருங்க" என்று மருமகள் கூறிக்கொண்டே தலைவாரினார். மாமியும் மருமகளும் ஒருவரையொருவர் இடிக்காமல், ஆறடிக்கு நாலடி அடுக்களையில் சுழன்றனர். எட்டரைக்குத் துணி, ஒன்பதரைக்குக் கல்மண்டபம் மார்க்கெட்டு, பத்தரைக்குச் சங்கரா மீன் ஆய்தல், குடலைப் பெரியவரின் பானையில் போடுதல், கீரை ஆய்தல், பகலுணவு, பாத்திரம், இரண்டு மணிக்கு அரை மணி நேரம் தரையில் பாய் விரித்து முழங்காலுக்குத் தைலம், மூன்றுக்குத் துணி எடுத்து மடித்தல், நான்குக்குத் தேநீர். இதை நாம் தாளில் குறித்துக்கொண்டே வந்தோம். ஒரு கட்டத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டோம். எழுதும் கை களைத்தது. வேலை செய்யும் கை களைக்கவில்லை.

2019-இல் நடுவண் அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடெங்கும் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. அதன்படி, வீட்டாருக்காக ஊதியமின்றி வீட்டுப் பணி செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் அதில் செலவிடுகின்றனர். அதுவும் செய்கின்றவர்களின் கணக்கே. நூற்றுக்கு 81 பெண்கள் அவ்வேலையில் ஈடுபட, ஆண்களில் ஈடுபடுவோர் 26 பேர் மட்டுமே. 2023 செப்டம்பரில் தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, வீட்டில் இருப்பவளுக்கு எதற்குப் பணம் என்று கேட்ட ஆண்களை நாமே கண்டோம். அவர்களுள் எவரும் நாலரை மணிக்கு அடிபம்படியில் நின்றிருக்கமாட்டார்.

இனி, அன்று மாலை நிகழ்ந்தது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, தேர்வு வருகிறதென்று பெருக்கல் கணக்குகளோடு நம் அருகே அமர்ந்திருந்தாள். "சாமி, ஒரு கணக்குக் குடுங்க" என்றாள். நாம் விளையாட்டாகவே கொடுத்தோம்: "உன் ஆயா நாளைக்கு மூன்று குடம் தண்ணீர் மாடிக்குச் சுமக்கிறார். மழை நாள் போக ஆண்டுக்கு முந்நூறு நாள். எத்தனை குடம்?"

"தொள்ளாயிரம்."

"ஒரு குடம் பதினைந்து கிலோ. மொத்தம் எவ்வளவு?"

சிறுமி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். "பதிமூவாயிரத்து ஐந்நூறு கிலோ" என்றாள்.

நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியவர் நிமிர்ந்தார். "எவ்வளவு?" என்றார். அவள் திரும்பவும் சொன்னாள். கிலோவில் சொன்னது அவருக்குப் பிடிபட்டதோ இல்லையோ, வாய் தானாகவே டன்னாக மாற்றிற்று. "பதிமூணரை டன்" என்றார். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் டன் கணக்கில் பாரம் பார்த்த மனிதர். எந்தக் கயிறு எவ்வளவு தாங்கும், எந்தக் கொக்கி எப்போது நெளியும் என்று கண்ணால் மதிப்பிட்டவர். தம் வீட்டுப் படிக்கட்டில் ஏறிய பாரத்தை அவர் ஒருபோதும் எடைபோட்டதில்லை.

அவர் கீழே இறங்கிச் சென்றதும் நாம் அம்மையாரிடம் கேட்டோம்: "இத்தனை நாள் ஏனம்மா சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சுமந்திருப்பாரே."

அவர் சற்றுத் தயங்கினார். பிறகு மெல்லச் சொன்னார்: "ரிட்டயர் ஆனதும் இவரு குடிக்க ஆரம்பிச்சாரு சாமி. பொழுதுக்கும் சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பாரு. ஊரடங்குல கடை மூடினப்போதான் இந்தச் செடிங்க வந்துச்சு. அப்புறம் கடை தொறந்தாங்க, இவரு போகல. செடி வாடினா இவரும் வாடிடுவாரோன்னு பயம். தண்ணி சொமக்கறது பெரிசா? மனுசன் தெளிஞ்சாரே, அது போதும்னு இருந்துட்டேன்."

வாசகர்களே, கூறுவதற்கு நம்மிடம் சொல் இல்லை. நாம் பீடத்திலிருந்து புகழ்ந்த தோட்டத்தின் வேர் எங்கிருந்தது என்று அப்போதுதான் கண்டோம். ஒரு மனிதர் மதுவிலிருந்து மீண்டார்; அம்மீட்சிக்கான விலையை இன்னொருவர் தம் முழங்காலால் ஆண்டுக்குப் பதின்மூன்றரை டன்னாகச் செலுத்திக்கொண்டிருந்தார்; அதுவும் வாய்திறவாமல். இத்தகைய மௌனத்தைத் தியாகம் என்று போற்றிவிட்டு நகர்ந்துவிடுவது நம் போன்றோர்க்கு எளிது. எத்தனை அன்னையர் தின மறையுரைகளில் அவ்வாறே செய்திருக்கிறோம்! ஆனால் தியாகத்தைப் போற்றுவது வேறு, அதைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருப்பது வேறு.

கானாவூர்த் திருமணத்தை நாம் யாவரும் அறிவோம். ஆறு கற்சாடிகளில் விளிம்புவரை நீர் நிரப்பப்பட்டது. ஒவ்வொன்றும் நம் குடத்தைப் போல ஆறேழு மடங்கு கொள்ளும் பெருஞ்சாடி. பந்தி மேற்பார்வையாளர் இரசத்தைச் சுவைத்தார், மணமகனை அழைத்துப் பாராட்டினார். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. தண்ணீர் மொண்ட பணியாளர்களுக்கே தெரிந்திருந்தது என்று நற்செய்தியாளர் யோவான் தவறாமல் குறிக்கிறார். ஆண்டுதோறும் இப்பகுதியை வாசித்தும், அந்தச் சிறு குறிப்பை நாம் கண்டுகொண்டதில்லை. புதுமையின் முதற்சாட்சிகள் சுவைத்தவர்கள் அல்லர், சுமந்தவர்களே. சூசையப்பர் விழாவில் நாம் அந்தப் பந்தி மேற்பார்வையாளரைப் போலவே நடந்துகொண்டோம். இரசத்தைச் சுவைத்துவிட்டு மணமகனைப் பாராட்டினோம்.

அவ்வில்லத்தில் பின்னர் என்ன நிகழ்ந்தது? திங்கட்கிழமை விடியலில் பெரியவர் தாமே குடத்தோடு அடிபம்புக்குச் சென்றாராம். பெண்கள் வரிசையில் ஓர் ஆண். சிலர் வாய்பொத்திச் சிரித்தனர். "இன்னா பெரியவரே, வீட்டுல சண்டையா?" என்று ஒருவர் கேட்டாராம். அவர் பதிலொன்றும் கூறாமல் நின்றார். துறைமுகத்தில் பத்துப்பேரை ஏவிய மனிதருக்கு அவ்வரிசையில் நிற்பதே பெரும்பாரம் என்று நாம் எண்ணுகிறோம். மூன்றாம் நாள் முதல் சிரிப்பு நின்றது. வரிசையில் அவருக்கென்று ஓரிடமும் ஏற்பட்டது.

அடுத்து, தமது பழைய தொழிலை நினைவுகூர்ந்தார். மாடிச் சுவரில் இரும்புக் குழாய் பொருத்தி, அதில் ஒரு கப்பி மாட்டி, கயிறும் கொக்கியும் கட்டினார். மகன் வேலைக்குப் புறப்படுமுன் கீழே குடத்தைக் கொக்கியில் மாட்டுகிறார். தந்தை மேலிருந்து இழுக்கிறார். முதல் வாரத்தில் முடிச்சு நழுவி ஒரு குடம் விழுந்து உடைந்தது. மாடிக் குடித்தனக்காரர் சத்தம் போட்டார். இப்போது கயிறு கெட்டியாய் இருக்கிறது. மழைக்காலத்தில் மாடி நீரைப் பிடித்துவைக்க இரண்டு பீப்பாய்களும் வாங்கியுள்ளார். முப்பது பைகளை இருபத்திரண்டாகக் குறைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "நான் சொமக்கறப்போதான் தெரியுது சாமி, எத்தனை செடி வேணும்னு" என்றார். இதைவிடச் சிறந்த மறையுரையை நாம் ஆற்றியதில்லை.

எல்லாம் சீரடைந்தது என்று கூறமாட்டோம். அம்மையாரின் முழங்கால் தேய்ந்தது தேய்ந்ததுதான். மருத்துவரும் அதையே சொன்னாராம். அடுக்களை வேலை இன்னும் பெண்கள் இருவருடையதாகவே இருக்கிறது. எனினும் காலையில் அவருக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகிறது. அந்நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டோம். "மாடிக்குப் போய் உக்காந்து தோட்டத்தைப் பாக்கறேன்" என்றார். ஐந்தாறு ஆண்டுகளாகத் தண்ணீர் சுமந்தவர், அத்தோட்டத்தை உட்கார்ந்து பார்ப்பது இப்போதுதான்.

நாமும் அவர்கள் இருவரின் இசைவு பெற்று, பெயர் குறியாமல், அடுத்த ஞாயிறு பீடத்திலிருந்தே நம் மறையுரையைத் திருத்திக் கூறினோம். பின்னர் நம் குருமனைக்குத் திரும்பியபோது, வாயிலில் நாம் ஆசையோடு வளர்க்கும் உரோசாச் செடிகள் கண்ணிற்பட்டன. மாலைதோறும் அவற்றிற்கு நீர் வார்ப்பது நம் வழக்கம். அந்த வாளி எப்போதும் நிரம்பியே இருக்கும். அதை நிரப்பி வைப்பவர் யாரென்று அன்றுதான் சமையற்கார அம்மாளிடம் கேட்டோம். அவர் வியப்போடு நம்மைப் பார்த்து, "நான்தான் சாமி. பதினோரு வருசமா" என்றார். நாம் இப்பங்கிற்கு வந்ததற்கும் முன்பிருந்தே! இப்போது அவ்வாளியை நாமே நிரப்புகிறோம். சிறிய செயல்தான்; பெருமை கொள்ள அதில் ஒன்றுமில்லை.

அன்பு வாசகர்களே, இல்லத் தோட்டம் போடுங்கள், அது நல்லது. பிள்ளைகள் விதை முளைப்பதைக் காண்பார்கள்; நஞ்சற்ற கீரை தட்டில் விழும்; ஓய்வு பெற்றவர்க்கு ஒவ்வொரு காலையும் எழுவதற்கொரு காரணம் கிடைக்கும். ஆனால் முதல் விதையை ஊன்றுமுன், வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். எத்தனை பை, எத்தனை குடம், எத்தனை படி, யார் இடுப்பில்? இக்கணக்கைத் தோட்டத்தோடு நிறுத்தவும் வேண்டா. உங்கள் மேசைக்கு வரும் உணவும், மடித்து வைத்த சட்டையும், நிரம்பியிருக்கும் பானையும் யார் கைவழியே வந்தன என்று ஒருநாள், ஒரே ஒரு நாள், விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து பாருங்கள். பார்த்தபின், குடும்பச் செபத்தில் அவருக்காக வேண்டிக்கொள்வதோடு நில்லாமல், மறுநாள் ஒரு குடத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.